ஈடு கேளாத நாணயச் சங்கம்

எங்கள் பங்கின் உதவி நிதிக் கணக்குப் புத்தகம் இன்றும் எங்களிடமே இருக்கின்றது. சிவப்புத் துணி அட்டை போட்ட நீண்ட பேரேடு. 1979ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கி 1982ஆம் ஆண்டு ஆகஸ்டில் நின்றுவிடுகின்றது. அதற்குப் பின் உள்ள பக்கங்கள் எல்லாம் வெறுமை. 'எங்களிடம்' என்று சொல்லும்போது, அந்த நிதியை நடத்திய ஐவருள் இன்று எஞ்சியிருக்கும் மூவரைச் சொல்லுகின்றோம். பேனா பிடிப்பவர் ஒருவரே ஆயினும் மூவரும் கூடிப் பேசியே இதனை எழுதுகின்றோம். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் வேண்டா. பஞ்சாலை ஒன்றையும் கோவில் ஒன்றையும் நம்பி வாழ்ந்த சிற்றூர் என்று மட்டும் வாசகர்கள் அறிந்துகொண்டால் போதும்.

அந்நாளில் சம்பளத் தினத்தன்று மில் வாயிலுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து வைத்துக்கொண்டு வட்டிக்காரர் நிற்பார். பத்து ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. கடன் கேட்டுப் போகிறவனிடம் அவர் ஈடாகக் கேட்பது நகையன்று. நகை இருந்தால் அவன் அடகுக் கடைக்குப் போயிருப்பானே! ரேஷன் கார்டைக் கேட்பார். அரிசி வாங்குகிற நாளில் கார்டை அவரிடமே இரவல் வாங்கிக்கொண்டு போய், அரிசி வாங்கியபின் திரும்பக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இப்படிக் கார்டை ஒப்படைத்த குடும்பங்கள் எங்கள் பங்கிலே முப்பதுக்கு மேல் இருந்தன.

இதனைக் கண்டு மனம் பொறாத பங்குத் தந்தை ஒரு ஞாயிறு முதற் பூசைக்குப் பின் எங்கள் ஐவரை அறைக்கு அழைத்துப் பேசினார். அதன் விளைவே உதவி நிதி. ஆளுக்கு மாதம் ஐந்து ரூபாய். முந்நூறு ரூபாய் வரை கடன். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. பணம் சுவாமியாரின் இரும்புப் பெட்டியிலே இருக்கும். முதல் ஆண்டிலேயே அறுபத்து நான்கு பேர் சேர்ந்தனர். பத்தொன்பது ரேஷன் கார்டுகளை நாங்கள் மீட்டோம். அந்தப் பத்தொன்பதையும் எங்கள் கையாலேயே வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்பதை இன்று நினைத்தாலும் உள்ளம் குளிர்கின்றது.

பின்னர் வீழ்ந்தோம். எங்கள் ஐவருள் மூத்தவர், தம் மகள் திருமணத்துக்கு மூவாயிரம் ரூபாய் கேட்டார். முந்நூறுக்கு மேல் கொடுப்பதில்லை என்று விதி எழுதியவர்களுள் அவரும் ஒருவர். கூட்டம் கூட்டாமலே கொடுத்தோம். அவர் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல எங்களுள் ஒருவருக்கும் நா எழவில்லை. அவர் கெட்டவர் அல்லர். அடுத்த ஆண்டு மில்லில் லே-ஆஃப் வந்தது, அவராற் கட்ட முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் 'பெரியவரே கட்டவில்லை, நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?' என்ற பேச்சு கோவில் வாயிலிலே தொடங்கிற்று. எட்டே மாதத்தில் நிதி உலர்ந்து போயிற்று. கடைசியில் இருந்ததைப் பங்கிட்டுக் கொடுத்தபோது, போட்டதில் பாதிக்கும் குறைவாகவே ஒவ்வொருவருக்கும் கிடைத்தது. இட்லி விற்றுப் பிழைத்த கைம்பெண் ஒருவர் பதினேழு மாதம் தவறாமல் ஐந்து ரூபாய் கட்டியிருந்தார். எண்பத்தைந்துக்கு நாற்பது கொடுத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை; பேரேட்டில் கைநாட்டு வைத்தார், பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அதன் பிறகு பூசைக்கு வரும்போது எங்கள் பக்கம் அவர் திரும்பியதே இல்லை.

நிற்க. எங்களுள் பள்ளி ஆசிரியராய் இருந்தவர் ஓய்வு பெற்றபின், எங்கே தவறினோம் என்று அறியும் ஆவலால் கூட்டுறவு இயக்கத்தின் வரலாறுகளைத் தேடிப் படிக்கலானார். அவர் வழியாகத்தான் அமெரிக்க நாட்டில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரின் கதை எங்களுக்குத் தெரிய வந்தது. எங்களைப் போலவே பஞ்சாலைத் தொழிலாளர். எங்களைப் போலவே ஒரு பங்கு. எங்களைப் போலவே ஒரு குருவின் தூண்டுதல். ஆனால் அவர்கள் 1908இல் தொடங்கியது இன்றளவும் நிற்கின்றது.

அந்நகரே ஒரு பஞ்சாலையின் பிள்ளை எனலாம். மெரிமாக் ஆற்றின் கரையில் ஒரு மைலுக்கு மேல் நீண்டு கிடந்த செங்கற் கட்டடங்கள் அமோஸ்கெக் கம்பெனிக்கு உரியவை. பருத்தி ஆலைகளுள் உலகிலேயே மிகப் பெரியது என்று அது பெயர் பெற்றிருந்தது. உச்ச நிலையில் பதினேழாயிரம் பேர் அங்கே வேலை செய்தனர். அவர்களுள் பெரும் பகுதியினர் கனடாவின் குவெபெக் மாநிலத்துக் கிராமங்களிலிருந்து, விளைச்சல் பொய்த்தும் நிலம் போதாமலும் ரெயிலேறி வந்த பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்கர். ஆற்றின் மேற்குக் கரையில் குடியேறினர். 1880இல் புனித மரியாள் பெயரால் ஒரு பங்கும் அமைந்தது. கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமே ஆலைக்குள் போகும். லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் 1909ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த ஆலைச் சிறுவர்களை எடுத்த படங்கள் இன்றும் உள்ளன. எங்கள் ஊர் மில் வாயிலிலும் அத்தகைய முகங்களைப் பார்த்தவர்கள் நாங்கள்.

கூலி வந்தது, ஆனால் சேமிக்க இடமில்லை. வங்கிகள் வணிகருக்கும் செல்வருக்கும் உரியவை. ஆங்கிலம் அறியாத ஆலைக்காரனுக்குக் கடன் கொடுக்க எந்த வங்கி முன்வரும்? நோய் வந்தாலும் சாவு வந்தாலும் அவன் போய் நிற்பது வட்டிக்காரனிடத்தில்தான். பங்குத் தந்தை பியர் ஹெவே இதனைக் கண்டார். கனடாவில் இத்தகைய துன்பத்துக்கு மருந்து கண்ட ஒருவர் இருப்பதை அறிந்து அவரை மான்செஸ்டருக்கு அழைத்தார். அவரே அல்போன்ஸ் டெஜார்டின்.

இங்கே சற்று நின்று டெஜார்டின் தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'தம்பதி' என்று தெரிந்தே எழுதுகின்றோம்.

டெஜார்டின் செல்வரும் அல்லர், வங்கி அறிந்தவரும் அல்லர். கனடாவின் பாராளுமன்றத்தில் உறுப்பினர்களின் பிரெஞ்சுப் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுக்கும் ஊழியர். 1897ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு நாள் மன்றத்திலே உறுப்பினர் ஒருவர், மான்ட்ரியல் நகரத்து மனிதர் ஒருவரின் வழக்கை எடுத்துச் சொன்னார். அவர் வாங்கிய கடன் 150 டாலர். நீதிமன்றம் கட்டச் சொன்ன வட்டியோ 5,000 டாலர். கேட்டதை எழுதிக்கொண்டு வீடு திரும்புவதே அவர் வேலை. ஆனால் அன்று கேட்டதை அவரால் மறக்க முடியவில்லை. ஐரோப்பாவில் ஏழைகள் தாமே நடத்தும் மக்கள் வங்கிகளைப் பற்றி ஹென்றி வுல்ஃப் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூலைப் படித்தார். அவருக்குக் கடிதம் எழுதினார். ஜெர்மனியில் ரைஃபைசன் நிறுவிய கிராமக் கடன் சங்கங்களையும் இத்தாலியின் மக்கள் வங்கிகளையும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆராய்ந்தார். 1900ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், தம் ஊரான லெவியில், நூற்றுக்கும் மேற்பட்ட ஊரார் கையொப்பமிட, முதல் மக்கள் நிதியம் பிறந்தது. பங்குத் தொகை ஐந்து டாலர். அதனையும் வாரம் பத்து சென்ட் வீதம் கட்டலாம். 1901ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று பணம் வாங்கத் தொடங்கினார்கள். முதலில் வந்தது பத்து சென்ட். அன்று சேர்ந்த மொத்தத் தொகை 26 டாலர் 40 சென்ட்.

பாராளுமன்றம் கூடும் மாதங்களில் டெஜார்டின் ஒட்டாவா நகரில் இருந்தாக வேண்டும். லெவியிலே பணம் வாங்கியது யார்? கணக்கு எழுதியது யார்? அவர் மனைவி டோரிமேன். பத்துப் பிள்ளைகளைப் பெற்ற தாய். சமையலறைக்கும் பேரேட்டுக்கும் இடையே நடந்தவர். பாராட்டுரைகளில் அவர் பெயர் நெடுங்காலம் விடுபட்டே வந்தது. நம் சங்கங்களிலும் அப்படித்தானே நடக்கின்றது? அவருக்கு ஒரு பெரும் கலக்கம் இருந்தது. தொடக்கத்திலே இந்நிதியத்துக்குச் சட்டத்தின் காப்பு எதுவும் இல்லை. நிதியம் முறிந்தால் ஊரார் பணத்துக்கு அக்குடும்பமே பொறுப்பு. வீடு வாசல் எல்லாம் போய்விடும். கணவரிடம் அச்சத்தை வெளிப்படையாகவே சொன்னார். ஆயினும் பணம் வாங்குவதை நிறுத்தவில்லை. 1906ஆம் ஆண்டு மார்ச்சில் குவெபெக் சட்டமன்றம் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தை நிறைவேற்றிய பிறகே அந்த வீட்டில் அச்சம் நீங்கிற்று. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த அச்சத்தோடு கணக்கு எழுதிய பெண்ணை நினைக்குந்தோறும், எங்கள் நிதி முறிந்தபோது எங்களுடைய சொந்தப் பொருளில் ஒரு செம்பு கூடப் போகவில்லை என்பது எங்களுக்குக் குத்துகின்றது.

மான்செஸ்டருக்கு வருவோம். டெஜார்டினின் துணையோடு 1908ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் புனித மரியாள் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கப்பட்டது. அமெரிக்க நாட்டின் முதல் நாணயச் சங்கம் அதுவே. அலுவலகம் என்று தனிக் கட்டடம் இல்லை. நோத்ர் டேம் தெருவில் ஜோசப் பொய்வின் என்ற வழக்குரைஞரின் வீடே அலுவலகம். அவரே அதனை நடத்தினார். வங்கியின் பளிங்குப் படிகளைக் கண்டு கூசுகிற மனிதன், தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூசமாட்டான் அல்லவா? அடுத்த ஆண்டு ஏப்ரலில் மாநிலச் சட்டமன்றம் அதற்குத் தனிச் சட்டத்தின் மூலம் உரிமை வழங்கிற்று. அந்த வீடு இன்று அமெரிக்க நாணயச் சங்கங்களின் அருங்காட்சியகமாய் விளங்குகின்றது.

அந்தச் சங்கம் பிழைத்ததற்கும் எங்கள் நிதி அழிந்ததற்கும் காரணம் தேடினோம். பணத்தின் அளவில் வேற்றுமை இல்லை. அவர்களும் சில்லறையிலேதான் தொடங்கினார்கள். பக்தியில் வேற்றுமை என்று சொல்லிக்கொள்ளவும் எங்களுக்கு மனமில்லை. டெஜார்டின் வகுத்த ஒழுங்குகளைப் படித்தபோதே எங்களுக்கு விளங்கிற்று.

அவருடைய ஏற்பாட்டில் ஈடு என்பது மனிதனின் நன்னடத்தையே. நகையில்லாதவன், நிலமில்லாதவன் கடன் பெறலாம். ஆனால் அவன் நாணயமானவன் என்பதை அறிந்தவர் அங்கே இருக்க வேண்டும். அதனாலேயே சங்கத்தின் எல்லையை ஒரு பங்கின் எல்லையாக வைத்தார். ஒரே கோவிலுக்கு வருகிறவர்கள், ஒரே ஆலைச் சங்குக்கு எழுகிறவர்கள், ஒருவன் குடிக்கிறானா உழைக்கிறானா என்று கேட்காமலே அறிவார்கள். இது வரை எங்களுக்கும் தெரிந்ததுதான். எங்களுக்குத் தெரியாதது அடுத்தது. அறிந்தவர்கள் அன்பும் காட்டுவார்கள், அச்சமும் கொள்வார்கள், முகத்தாட்சண்யத்துக்கும் ஆளாவார்கள் என்பதை டெஜார்டின் முன்கூட்டியே எண்ணியிருந்தார். ஆகவே கடன் கொடுக்கத் தீர்மானிப்பவர்கள் ஒரு குழு. கணக்கைத் தணிக்கை செய்பவர்கள் வேறொரு குழு. இவ்விரு குழுவினரும் தாங்கள் பதவியில் இருக்கும்வரை சங்கத்தில் கடன் வாங்கக் கூடாது. ஊதியமும் கிடையாது. கடன் கேட்பவன் எதற்காகக் கேட்கிறான் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஐந்து டாலர் போட்டவனுக்கும் ஐந்நூறு டாலர் போட்டவனுக்கும் ஒரே வாக்கு.

கடன் கொடுப்பவன் கடன் வாங்கக் கூடாது! இந்த ஒரு வரி எங்கள் பேரேட்டின் முதற் பக்கத்தில் இருந்திருந்தால், எங்கள் மூத்தவர் எங்களிடம் கேட்டிருக்கவே மாட்டார். அவரை மறுக்க வேண்டிய தர்மசங்கடம் எங்களுக்கும் வந்திராது. விதி என்பது மனிதரை நம்பாமையால் வருவது என்றே அந்நாளில் எண்ணியிருந்தோம். 'நாமெல்லாம் சகோதரர்கள், நமக்குள் விதி எதற்கு?' என்று முதற் கூட்டத்தில் பேசியவர் இதனை எழுதுகிறவரே. சகோதரனுக்கு 'இல்லை' என்று சொல்ல நேராதபடி காப்பதும் சகோதர அன்பே என்பது எங்களுக்குப் பின்னர்தான் புரிந்தது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பணம் சுவாமியாரின் பெட்டியில் இருந்ததால், அது சுவாமியாரின் பணம் என்றே பலர் எண்ணினர். கட்டாதவனுக்கு உறுத்தல் இல்லை: அவன் ஏமாற்றியது பக்கத்து வீட்டுக்காரனை என்று அவன் உணரவில்லை. முறிந்தபோதும் 'கோவில் கொடுத்துவிடும்' என்றனர். அந்த நல்ல குருவானவர் இதற்குள் வேறு பங்குக்கு மாறிப் போயிருந்தார். பழி மட்டும் அவர் பேரில் நின்றது. அவருக்கும் நாங்கள் கடன்பட்டவர்களே.

மான்செஸ்டர் மக்களுக்குச் சோதனை வராமல் இல்லை. 1922ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமோஸ்கெக் கம்பெனி கூலியில் நூற்றுக்கு இருபது குறைத்து, வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 54 மணியாக உயர்த்திற்று. ஒன்பது மாதம் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பிறகு ஆலை பழைய நிலைக்கு மீளவே இல்லை; 1935இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. ஊரையே உண்டாக்கிய கம்பெனி போயிற்று. அதன் கூலிக்காரர்கள் காசு காசாய்ச் சேர்த்த சங்கம் நின்றது. 'புனித மரியாள் வங்கி' என்னும் பெயரோடு இன்றும் அது உறுப்பினர்களுக்கே உரிய நாணயச் சங்கமாக நடைபெறுகின்றது. ஆலைக் கட்டடங்களில் இன்று வேறு தொழில்கள் நடக்கின்றன. டெஜார்டினுக்கு 1913இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் புனித கிரகோரியார் பெயரால் வழங்கும் விருதை அளித்துச் சிறப்பித்தார். அவர் 1920இல் மறைந்தார். டோரிமேன் 1932 வரை வாழ்ந்தார்.

இதெல்லாம் வெள்ளையர் நாட்டுக் கதை என்று வாசகர்கள் தள்ளிவிட வேண்டா. 1892ஆம் ஆண்டிலேயே சென்னை அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் கடன் சங்கங்களை ஆராய அனுப்பிற்று. நம் நாட்டுக்கு ஏற்றது ரைஃபைசனின் வழியே என்று அவர் அறிக்கை கொடுத்தார். 1904இல் இந்தியாவுக்குக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதாவது குவெபெக் சட்டத்துக்கு இரண்டாண்டு முன்னரே. அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1907இல் போஸ்டன் நகரத்து வணிகர் எட்வர்டு ஃபைலீன் இந்தியாவுக்கு வந்து, நம் கிராமத்துக் கடன் சங்கங்களைக் கண்டு வியந்து திரும்பினார். அமெரிக்காவில் நாணயச் சங்கங்கள் பரவுவதற்குப் பின்னாளில் பெரும் பொருள் கொடுத்தவர் அவரே. ஆக அவர்களும் நம்மிடம் பார்த்துக் கற்றிருக்கிறார்கள்.

'கூட்டுறவு நாணயச் சங்கம்' என்று நம்மவர் இட்ட பெயரைத்தான் பாருங்களேன். நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மை. டெஜார்டின் பல ஆண்டு ஆராய்ந்து கண்டதை நம் மொழி ஒரே சொல்லில் முடிந்து வைத்திருந்தது. அந்தப் பெயர்ப் பலகை எங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே தொங்கிற்று. அதன் கீழே நாள்தோறும் நடந்து போனோம். உள்ளே நுழைந்து, 'உங்கள் விதிப் புத்தகத்தைக் காட்டுங்கள்' என்று ஒரு நாள் கேட்டிருந்தால் போதும்.

சென்ற ஆண்டு மூவரும் ஒரு தீர்மானம் செய்தோம். பேரேட்டைப் பிரித்து, யார் யாருக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தோம் என்று பட்டியல் எடுத்தோம். பலர் இறந்துவிட்டனர், சிலர் ஊரை விட்டே போய்விட்டனர். மில்லும் இப்போது இல்லை. கண்டுபிடிக்க முடிந்தவர்களுக்கு, எங்கள் ஓய்வூதியத்திலிருந்து, அன்று நின்றுபோன தொகையைத் திருப்பிக் கொடுத்து வருகின்றோம். அன்றைய தொகைக்கு இன்று என்ன மதிப்பு என்பதில் எங்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. வட்டி சேர்க்க வேண்டும் என்பவர் ஒருவர், சேர்த்தால் நம்மால் முடியாது என்பவர் இருவர். சிலர் சிரித்தார்கள். ஒருவர், 'பெரியவர்களே, இதை வைத்து டீ குடியுங்கள்' என்று திருப்பிக் கொடுத்தார். எங்கள் மூத்தவரின் மகள் எப்படியோ செய்தி அறிந்து, தந்தையின் பெயரில் வரவு வைக்கச் சொல்லி ஆயிரம் ரூபாய் அனுப்பினார். திருமணத்துக்கு வாங்கிய கடன் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கின்றது. நாற்பது ஆண்டுக்குப் பின் அந்தப் பக்கத்தில் ஒரு வரவு எழுதினோம்.

இட்லி விற்ற அம்மையார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் மகன் பக்கத்து ஊரில் பேருந்து நடத்துநராய் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்குச் சென்று, நாற்பத்தைந்து ரூபாயை வைத்து, பேரேட்டைப் பிரித்துக் காட்டினோம். பணத்தை அவர் எண்ணாமலே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேரேட்டை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வரவு, பதினேழு கைநாட்டு. பதினெட்டாவது, நாற்பது ரூபாய் பெற்றுக்கொண்டதற்கு வைத்தது.

"அம்மாவின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. இந்தத் தாளைக் கிழித்துத் தருவீர்களா?" என்றார்.

கணக்குப் புத்தகத்தைக் கிழிக்க எங்களுக்குக் கை வரவில்லை. அதனைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொண்டார். பேருந்து நிலையத்துக் கடையில் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்கு ஆன இரண்டு ரூபாயைப் பேரேட்டில் செலவாக எழுதியிருக்கின்றோம்.